மார்க் ஷீட் நிரம்புது, வகுப்பறை மாறுதா? மாணவர்களின் கற்றல் தரவை வைத்து என்ன செய்யணும்?

403-லிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். தொடக்கப் பள்ளிக் கணக்குதான். விடை 225.

ஒரு குழந்தை 375 என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை 335 என்று எழுதியிருக்கிறது. ரெண்டுமே தப்பு. ரெண்டு பேருக்கும் 0 மார்க்.

ஆனால், அந்தத் தப்புகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. 375 எழுதிய குழந்தை, ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. 3-லிருந்து 8 போகாது என்பதால் 8-லிருந்து 3-ஐக் கழித்துவிட்டது. அதற்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. 335 எழுதிய குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. கடன் கொடுத்த இடத்தில் எண்ணைக் குறைக்கத்தான் மறந்துவிட்டது. முதல் குழந்தைக்குக் குச்சிக்கட்டு, மணிச்சட்டம் என்று அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கணும். இரண்டாவது குழந்தைக்குச் சில நாள் பயிற்சி போதும்.

மார்க் ஷீட்டில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. அங்கே இருப்பது ரெண்டு பூஜ்யம் மட்டும்தான்.

இந்தியாவில் மாணவர்களின் கற்றல் அடைவுத் தரவு குறித்து நடக்கும் விவாதத்தை இந்த ரெண்டு பூஜ்யங்களை வைத்தே புரிந்துகொள்ளலாம். குழந்தைகளை அளந்துகொண்டே இருக்கிறோம். அளந்ததை வைத்து மறுநாள் வகுப்பில் என்ன மாறுகிறது?

யார் யாரெல்லாம் அளக்கிறாங்க?

ஒவ்வொரு முறை ரிப்போர்ட் வெளியாகும்போதும் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை வரும். 'தமிழ்நாடு பின்தங்கிவிட்டது' என்று ஒரு ஃபார்வேர்டு, 'தமிழ்நாடுதான் டாப்' என்று இன்னொன்று. ரெண்டுக்கும் ஆதாரம் காட்ட முடியும். காரணம், ஒவ்வொரு ஆய்வும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது.

ஏசர் ஆய்வு: பிரதம் அமைப்பு 2005-லிருந்து நடத்துவது. கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு குழந்தையிடமும் தனியாக உட்கார்ந்து படிக்கச் சொல்வார்கள். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, பள்ளிக்கே போகாத பிள்ளை எல்லோரும் இதில் வருவார்கள். வாசிப்பில் கேட்கப்படும் அதிகபட்ச நிலையே இரண்டாம் வகுப்புப் பாடம்தான்.

பரக் தேசிய ஆய்வு: முன்பு 'நாஸ்' என்ற பெயரில் நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9-ம் வகுப்புகளில் சுமார் 74,000 பள்ளிகளைச் சேர்ந்த 21 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். இது பள்ளிக்குள் நடக்கும் தேர்வு.

ஸ்லாஸ்: தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழு 2025 பிப்ரவரியில் நடத்திய மாநில அடைவுத் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 3, 5, 8-ம் வகுப்புகளைச் சேர்ந்த 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதினார்கள்.

ஒன்று வீட்டில் வாய்மொழியாக நடப்பது, மற்றவை பள்ளியில் நடப்பவை. ஒன்றில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, இன்னொன்றில் இல்லை. எடுத்துக்கொள்ளும் வகுப்புகளும் ஒன்றல்ல. அதனால் இந்த எண்களை நேருக்கு நேர் நிறுத்தி 'எது உண்மை?' என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. வீட்டுத் தராசிலும் மளிகைக் கடைத் தராசிலும் வெவ்வேறு பொருளை நிறுத்துவிட்டுச் சண்டை போடுவது போலத்தான் அது.

ஆனால், எல்லா ஆய்வுகளும் சேர்ந்து சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. நிறைய குழந்தைகள், தங்கள் வகுப்புக்குரிய நிலையை எட்டாமலே அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள். பரக் ஆய்வில், நாடு முழுக்க 3-ம் வகுப்பில் 55% பேரால்தான் 99 வரையுள்ள எண்களை ஏறுவரிசை, இறங்குவரிசையில் அடுக்க முடிந்தது. 6-ம் வகுப்பில் 53% பேருக்குத்தான் 10 வரை வாய்ப்பாடு தெரிந்திருந்தது. ஏசர் ஆய்வில், கிராமப்புறத் தமிழ்நாட்டில் 2-ம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய 3-ம் வகுப்புக் குழந்தைகள் 2018-ல் சுமார் 10% பேர். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் அது 5% அளவுக்கு இறங்கியது.

சரி, டேட்டா கையில் கொடுத்தால் ஆசிரியர் மாற்றிக்கொள்வாரா?

நம்மில் பலர் அப்படித்தான் நினைப்போம். ஆபீஸில் டேஷ்போர்டு வந்தால் வேலை முன்னேறும் என்று மேனேஜர்கள் நம்புவது போல. இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரத்தின் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, யார் எதில் பலவீனம் என்ற விரிவான அறிக்கையை ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற குறிப்புகளும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. பிறகு வகுப்புகளை அவ்வப்போது போய்ப் பார்த்தார்கள்.

ஆண்டு முடிவில் என்ன ஆனது? பார்வையாளர் வந்திருந்தபோது ஆசிரியர்கள் கூடுதல் உழைப்பைக் காட்டினார்கள். ஆனால், அந்த மாணவர்களின் தேர்வு மதிப்பெண், அறிக்கை எதுவும் தரப்படாத பள்ளி மாணவர்களைவிட உயரவில்லை. 2010-ல் வெளியான இந்த முடிவு பலரை யோசிக்க வைத்தது.

ஹரியானாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே ஒரே சமயத்தில் ரெண்டு திட்டங்களை ஒப்பிட்டார்கள். ஒன்று, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. அதாவது, ஆண்டு இறுதித் தேர்வுக்குப் பதில் அடிக்கடி மதிப்பீடு செய்து பதிவு பண்ணுவது. இதனால் கற்றலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. இன்னொன்று, தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், குழந்தைகளை வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது. இதில் வாசிப்பு முன்னேறியது.

முதல் திட்டத்தில் மதிப்பீடுதான் வேலையே. இரண்டாவதில் மதிப்பீடு, 'இந்தக் குழந்தை இன்னைக்கு எந்தக் குழுவில் உட்காரணும்?' என்ற முடிவை எடுப்பதற்கான வழி. மொத்த வித்தியாசமும் இங்கேதான்.

தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் எவ்வளவு என்று தெரியும். மணிக்கொரு தடவை வைத்தாலும் காய்ச்சல் தானாக இறங்காது.

நிலைக்கேற்ற கற்பித்தல் என்றால் என்ன?

இந்த முறையைப் பெரிய அளவில் கொண்டுபோனது பிரதம். 2000-களின் தொடக்கத்தில் மும்பையிலும் வதோதராவிலும், பின்தங்கிய 15-20 குழந்தைகளைத் தினமும் ரெண்டு மணி நேரம் தனியாக அழைத்துப் போய், அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். அந்தத் திட்டத்தின் பலனை அளந்தவர்களில் இருவர்தான் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். மைக்கேல் கிரெமருடன் சேர்ந்து 2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கொரோனா காலத்தில் இங்கே தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை ஆய்வு செய்தார்கள். 2021 டிசம்பரில், கொரோனாவுக்கு முந்தைய அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் பெரிய சரிவு தெரிந்தது. மொழியைவிடக் கணிதத்தில் அடி அதிகம். ஆனால், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24% 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். சாயங்காலம் தெருவிலேயே தன்னார்வலர்கள் நடத்திய வகுப்புகள்தான் அவை.

2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இதே சிந்தனையில் பிறந்ததுதான். குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்து, அதற்கேற்ற பயிற்சிப் புத்தகம் கொடுக்கிறார்கள். முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த கல்வியாண்டில் 4, 5-ம் வகுப்புகளுக்கும் விரிந்தது. யோசனை சரி. ஆனால், ஒரே ஆசிரியர் ரெண்டு, மூன்று வகுப்புகளை ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் பள்ளிகளில், மூன்று நிலைக்கும் தனித்தனியாக நேரம் ஒதுக்குவது எளிதல்ல. போதாததற்கு மதிப்பீட்டையும் மொபைலில் ஏற்றணும். பாடம் நடத்தும் நேரத்தைப் பதிவேற்றம் தின்றுவிடுகிறது என்பது ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்லும் புகார்.

நல்ல ரிசல்ட் காட்டினால்தான் மதிப்பு என்றால்?

இதுதான் தரவின் ஆபத்தான பக்கம். ஒரு எண்ணை வைத்துப் பள்ளியைப் பாராட்டவும் திட்டவும் ஆரம்பித்தால், அந்த எண் பொய் சொல்ல ஆரம்பிக்கும். வேலையில் அப்ரைசல் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மதிப்பெண் உயரணும் என்ற நெருக்கடியில், ஆசிரியர்களே மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தினார்கள். 2011-ல் வந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததாகச் சொன்னது. 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது.

நம் நாட்டில், மத்தியப் பிரதேச அரசுப் பள்ளித் தேர்வுத் தரவை அபிஜீத் சிங் ஆராய்ந்தார். மாணவர்களின் உண்மையான நிலையைவிட அரசுத் தரவு மிக உயர்வாக இருந்தது தெரியவந்தது. பின்தங்கிய குழந்தைகள் பலர் தேர்ச்சி பெறாதவர்கள் பட்டியலில் இல்லை. அதனாலேயே உதவி தேவைப்படுபவர்கள் பட்டியலிலும் அவர்கள் இல்லாமல் போனார்கள்.

தரவு பொய்யானால் முதலில் காணாமல் போவது பின்தங்கிய குழந்தைதான்.

பாடத்திட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

மறுபடி 403-க்கு வருவோம். ஒரு வகுப்பில் ரெண்டு குழந்தைகள் 375 என்று எழுதினால், அந்த ரெண்டு பேரையும் தனியாகக் கவனிக்கணும். வகுப்பில் பாதிப் பேர் எழுதினால், ஆசிரியர் அந்தப் பாடத்தை வேறு விதமாக நடத்திப் பார்க்கணும். ஒரு மாவட்டமே 375 என்று எழுதினால்? அப்போது பிரச்னை குழந்தையிடமும் இல்லை, ஆசிரியரிடமும் இல்லை. புத்தகத்தில் இடமதிப்பை எத்தனை பக்கத்தில், எவ்வளவு வேகத்தில் கடந்தோம் என்று பார்க்கணும்.

பாடத்திட்டம் குழந்தையைவிட வேகமாக ஓடினால், முதல் சில மாதங்களில் பின்தங்கிய குழந்தை அதன்பிறகு கிட்டத்தட்ட எதையுமே கற்பதில்லை என்று லாண்ட் பிரிட்செட், அமண்டா பீட்டி என்ற ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். பாடத்தைக் குறைத்து வேகத்தைத் தணித்தால் மொத்தக் கற்றல் கூடும் என்பது அவர்கள் வாதம். 'போர்ஷன் முடிக்கணும்' என்ற அவசரத்தில் இருக்கும் எந்த ஆசிரியருக்கும் இது புரியும்.

இதற்கு மாவட்ட ரேங்க் பட்டியல் உதவாது. எந்தக் கேள்விக்கு எந்தத் தவறான விடை அதிகம் வந்தது என்ற விவரம்தான் உதவும். பாடநூல் எழுதுபவரின் மேஜைக்கும், ஆசிரியர் பயிற்சி நடத்துபவரின் கைக்கும் போக வேண்டியது அந்த விவரம்தான்.

நாம என்ன கேட்கலாம்?

உங்கள் வீட்டுக் குழந்தையோ, அக்கா பிள்ளையோ பள்ளியில் படிக்கலாம். பெற்றோர் கூட்டத்திலோ, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்க.

1. என் பிள்ளை எத்தனை மார்க் என்பதைவிட, எதில் தடுமாறுகிறது?

2. போன தேர்வுக்குப் பிறகு வகுப்பில் என்ன மாற்றினீங்க?

3. அந்த மாற்றத்துக்கு ஆசிரியருக்கு நேரம் இருக்கா? பதிவேற்ற வேலையில் எதைக் குறைக்கலாம்?

மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்க. அது ஆசிரியரைக் குற்றம் சொல்லும் கேள்வி இல்லை, அவருக்காக நாம் கேட்கும் கேள்வி. 375 எழுதிய குழந்தையின் பக்கத்தில் ஒருவர் பத்து நிமிஷம் உட்கார முடிந்தால்தான், இவ்வளவு தேர்வுகள் வைத்ததற்கு அர்த்தம் இருக்கும்.