அந்த 25 மார்க் எங்கே போச்சு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

போன ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று ஒரு கல்லூரிக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தேன். கூப்பிட்டது என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன். இன்றைக்கு அங்கே பேராசிரியர். "நிலைத்த வளர்ச்சியில் இளைஞர்களின் பங்கு" என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள்.

வாசலில் என் படம் போட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ். மேடையில் ஆளுக்கொரு குட்டித் தண்ணீர் பாட்டில். பூங்கொத்தைச் சுற்றிப் பளபளவென்று பிளாஸ்டிக் தாள். டீ வந்தது காகிதக் கப்பில். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள அந்தக் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. நினைவுப் பரிசு வைத்திருந்த பை பார்வைக்குத் துணி மாதிரி இருந்தது. அதுவும் பிளாஸ்டிக்தான், அதே தடைப் பட்டியலில் இருப்பதுதான். கடைசியாக மரக்கன்று நடக் கூட்டிப் போனார்கள். குழிக்குள் போன வருடக் கன்றின் காய்ந்த குச்சி அப்படியே நின்றது. ஒரு பையன் அவசரமாகப் பிடுங்கி மறைத்தான்.

சரி, நான் என்ன செய்தேன்? மைக்கைப் பிடித்து, மரம் நடுங்கள், பூமித்தாயைக் காப்பாற்றுங்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். சால்வையை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். கப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வெட்கம் போகாமல்தான் இன்று எழுதுகிறேன்.

என் தம்பி மகள் போன வருடம் பட்டப்படிப்பு முடித்தாள். சுற்றுச்சூழல் பாடத்தில் நல்ல மார்க். "ஏம்மா, மூணு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தியே, தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். "டேங்க்ல இருந்து, அத்தை" என்றாள். டேங்குக்கு? தெரியவில்லை. குளித்த தண்ணீர் எங்கே போனது? தெரியவில்லை. தட்டில் மிஞ்சிய சோறு? "அதெல்லாம் அக்கா எடுத்துட்டுப் போவாங்க." ஓசோன் படலத்தைக் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். குழந்தையைக் குறை சொல்லவில்லை. யாரும் அவளிடம் இதைக் கேட்கவே இல்லை.

கேட்கச் சொல்லிப் பாடத்திட்டத்தில் இல்லையா? இருக்கிறது. அதுதான் என் கோபம்.

எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பள்ளி, கல்லூரி எல்லாவற்றிலும் பாடமாக வைக்க வேண்டும் என்றது. பத்து வருடத்துக்கு மேல் இழுத்த பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர் எல்லாருக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்று வகுத்தது. அதில் நூற்றுக்கு 25 மார்க் களப்பணிக்கு. பக்கத்து ஆற்றையோ மலையையோ போய்ப் பார், மாசுபட்ட ஓர் இடத்தைப் பார், செடி, பூச்சி, பறவைகளைக் கவனி, குளத்தைப் படி என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். 2023-ல் வந்த புது வழிகாட்டுதலிலும் களப்பணி உண்டு.

எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதினார்கள். அந்த 25 மார்க் நடைமுறையில் எங்கே போனது? ஜெராக்ஸ் கடைக்குப் போனது. சீனியர் எழுதிய ரெக்கார்டு, ஜூனியர் பெயரில். போகாத குளத்துக்குப் படம் இணையத்திலிருந்து. கையெழுத்துப் போடும் பேராசிரியருக்கும் தெரியும், நீட்டும் மாணவனுக்கும் தெரியும். சுற்றுச்சூழல் பாடத்தில் பிள்ளைகள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது பொய்க்கணக்கு எழுத.

இன்னொன்று, 'கிரீன் ஆடிட்'. நாக் குழு வரும்போது காட்ட வேண்டும் என்று வெளியாளை வைத்து அறிக்கை வாங்கி, அதைச் சட்டம் போட்டு முதல்வர் அறையில் மாட்டுகிறார்கள். அந்த வளாகத்தில் நாள் முழுக்கக் கிடக்கும் மாணவனுக்கு அதில் ஒரு வரி தெரியாது. அவன் கையால் செய்திருக்க வேண்டிய கணக்கல்லவா அது?

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். அஞ்சாம் வகுப்புக் கணக்குதான். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். மதுரைப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆயிரம் சதுர மீட்டர் மொட்டைமாடிக்கு எட்டரை லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 6,80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 56 லோடுக்கு மேல். இத்தனையையும் சாக்கடையில் விட்டுவிட்டு, கோடையில் லாரிக்குக் காசு கொடுக்கிறோம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-ல். உங்கள் கல்லூரி மாடியிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது என்று நாளைக்கே பாருங்கள்.

குப்பைக்கும் விதி உண்டு. 5,000 சதுர மீட்டருக்கு மேல் இடமுள்ள நிறுவனங்கள் குப்பையைப் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ ஆக்க வேண்டும் என்று 2016-ம் வருட விதிகளே சொல்லிவிட்டன. அநேகமாக எல்லாக் கல்லூரியும் அந்த அளவுக்குள் வந்துவிடும். எத்தனை கல்லூரியில் மாணவன் அந்த உரக்குழியைப் பார்த்திருக்கிறான்?

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

"அக்கா, நீங்க ஆசிரியப் பயிற்சி முடிச்சுப் பள்ளிக்கூடத்துல இருந்தவங்க. பல்கலைக்கழக விஷயத்துல ஏன் தலையிடறீங்க?" வீட்டுக்குள்ளேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். 2003-ல் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பக்கம் நேராக உள்ள டப்பாவையும் ஸ்கேலையும் கொடுத்து மழையை அளக்கச் சொன்னேன். அதற்கு முன்னும் பின்னும் "மரம் வளர்ப்போம்" என்று ஆண்டுக்கு ஒரு கட்டுரை எழுத வைத்திருக்கிறேன். கட்டுரை எழுதிய ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. டப்பா வைத்தவர்களில் ஒருத்தி இன்னும் காலண்டரில் மழைக்கணக்கு எழுதுகிறாள். முப்பது வருடத்தில் நான் கற்ற பாடம் இது. கல்லூரிக்கு வந்ததும் பிள்ளைகளின் மூளை மாறிவிடுவதில்லை.

"எங்களுக்கு நேரம் எங்கே டீச்சர்? ஒரு வகுப்பில் எழுபது பேர். அதுபோக நாக் வேலை, தேர்வு வேலை" என்கிறார்கள் பேராசிரியராக இருக்கும் என் மாணவர்கள். உண்மைதான், உங்கள் சுமை எனக்குத் தெரியும். ஆனால் எழுபது ரெக்கார்டைத் திருத்துவதாகப் பாவனை செய்யும் நேரம் போதும் இதற்கு. எழுபது பேரை ஏழு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு தண்ணீர், ஒன்று மின் மீட்டர், ஒன்று விடுதிச் சாப்பாட்டு மிச்சம், ஒன்று குப்பை. இப்படி ஒரு மாதம் அளந்து எழுதட்டும். எந்த இரண்டு ரெக்கார்டும் ஒன்றாக இருக்காது. காப்பி அடிக்கவும் வழியில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 2015 வெள்ளத்தில் சென்னையில் படகு தள்ளியவர்களும் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்தவர்களும் யார்? இந்தப் பிள்ளைகள்தான். நாம் அவர்களுக்குக் கொடுப்பது கோஷமும் கொட்டேஷன் போட்ட ஃப்ளெக்ஸும். அதில் அவர்களுக்கு அக்கறை இல்லைதான்.

நிர்வாகங்கள் ஏன் பயப்படுகின்றன என்பதும் தெரியும். மாணவன் அளக்க ஆரம்பித்தால் கேள்வி கேட்பான். தினம் இவ்வளவு சோறு ஏன் கொட்டுகிறது, இந்தக் கழிவுநீர் எந்த ஓடையில் விழுகிறது என்பான். கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்லத் தைரியம் இல்லாத வளாகம் நிலைத்த வளர்ச்சி என்று கருத்தரங்கு நடத்தக் கூடாது.

ஆகவே, பேராசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, இந்தப் பருவத்தில் அந்த 25 மார்க்கை உண்மையாகப் போடுங்கள். அளந்ததை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதி வையுங்கள். பெற்றோராக இருப்பவர்கள், பிள்ளை லீவுக்கு வரும்போது ஹாஸ்டல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். என்னைப் போல் மேடை ஏறுகிறவர்கள், கண்ணெதிரே இருப்பதைச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

என்னைக் கூப்பிட்ட அந்தத் தம்பி இதைப் படிப்பான். வருத்தப்படுவான் என்றும் தெரியும். ஏழாம் வகுப்பில் தப்பான கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்துச் சரி செய்தவன் நீ. அடுத்த ஜூனுக்கும் கூப்பிடப்பா. சால்வை வேண்டாம். டம்ளர் நானே கொண்டுவருகிறேன். உன் மாணவர்கள் அளந்த கணக்கை அவர்களே படிக்கட்டும், நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்