எந்தப் பிழைக்கு எந்த அளவு?

கல்வியியல், மொழியியல் ஆய்வேடுகள் பலவற்றின் மூன்றாம் இயலில் ஒரு வரியைக் காணலாம்: 'இக்கருவியின் நம்பகத்தன்மை 0.84 (கிரோன்பாக் ஆல்ஃபா)'. நெறியாளர் நிறைவடைவார், பக்கம் புரளும். நானும் அப்படி எழுதியவன்தான். இன்று அந்த வரி உறுத்துகிறது.

நம்பகத்தன்மை கருவிக்கு உரியதன்று. குறிப்பிட்ட குழுவினர் பெற்ற மதிப்பெண்களுக்கு உரியது. திறனில் பெரிதும் வேறுபட்டோரிடம் 0.84 தந்த வினாத்தாள், ஏறக்குறைய ஒரே தரத்தினர் அமர்ந்த வகுப்பில் வெகுவாக இறங்கிவிடும். எனவே பிறர் ஆய்வின் எண்ணைக் கடன் வாங்குவது செல்லாது.

ஆல்ஃபா காண்பது வினாக்களிடையேயான அக ஒத்திசைவை மட்டுமே. (விடைகளுக்கு 1, 0 என மதிப்பிட்டால் 1937இல் வெளிவந்த கூடர்–ரிச்சர்ட்சன் 20 தருவதும் அதே எண்தான். இரண்டையும் தனித்தனியே அட்டவணையிடுவோர் உண்டு!) என் வாசிப்புத் தேர்வில் நான்கு பத்திகள், பத்திக்கு ஐந்து வினாக்கள். ஒரு பத்தி பிடிபடாதவர் அதன் ஐந்து வினாக்களிலும் தடுமாறுவார். இந்த ஒட்டுறவே ஆல்ஃபாவை ஊதிப் பெருக்குகிறது. பத்தியை ஓர் அலகாகக் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது எண் இறங்கியது. இறங்கிய எண்ணையே ஆய்வேட்டில் தந்தேன். மனம் வரத்தான் இல்லை.

கட்டுரைகளை இருவர் திருத்தும்போது பிழையின் ஊற்று வேறு. அங்கே ஆல்ஃபாவுக்கு வேலை இல்லை, வெறும் விழுக்காடும் ஏமாற்றும். நூறு கட்டுரைகளில் 85ஐ இருவரும் தேர்ச்சி என்கின்றனர், 5ஐ இருவரும் தோல்வி என்கின்றனர், எஞ்சிய பத்தில் ஆளுக்கு ஐந்தைத் தேர்ச்சியாக்கி முரண்படுகின்றனர் எனக் கொள்வோம். உடன்பாடு 90 விழுக்காடு. ஆனால் ஒவ்வொருவரும் 90 பேரைத் தேர்ச்சியாக்குபவர். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் இட்டாலும் 82 விழுக்காடு ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழிக்கும் கோஹன் காப்பா 0.44தான்.

'0.7 தாண்டினால் போதும்' என்பதற்கு எல்லோரும் நன்னலியைக் காட்டுகிறோம். 1978 பதிப்பில் அவர் அதை ஆய்வின் தொடக்கக் கட்டத்துக்கே சொன்னார். தனிமனிதர் குறித்த முடிவுகளுக்கு 0.90கூடக் குறைந்தபட்சம் என்றார்.

0.84 நல்ல எண்ணா? திட்ட விலக்கம் 10 என்றால் அளவீட்டின் திட்டப் பிழை 4. தேர்ச்சி வரம்பு 40 எனில், 38 பெற்றுத் தோற்றவரையும் 42 பெற்று வென்றவரையும் அந்தத் தாளால் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. ஆல்ஃபாவுக்குப் பெயர் தந்த கிரோன்பாக்கே, மறைவுக்குப் பின் 2004இல் வெளியான கட்டுரையில், கெழுவைவிடத் திட்டப் பிழையை அறிவிப்பதே முதன்மையானது என்று எழுதினார். நம் மூன்றாம் இயல்களில் அந்த எண்ணை நான் இதுவரை அரிதாகவே கண்டிருக்கிறேன்.