கப்பிக்கும் கயிற்றுக்கும் கையெழுத்தா?

பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் பணம் என்று சொல்லி, 2024-25ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்ஷா என்னும் பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2,152 கோடி ரூபாயைத் தமிழ்நாட்டுக்குத் தராமல் ஒன்றிய அரசில் இருப்பவர்கள் நிறுத்திவைத்தார்கள். ஆசிரியர் சம்பளம் பற்றிப் பேசினோம். மும்மொழிக் கொள்கை பற்றிப் பேசினோம். வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போனது. பட்டுக்கோட்டை வட்டாரத்து அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் கையிலிருந்து எது பறிபோகிறது என்பதை மட்டும் போதிய அளவு பேசவில்லை.

பறிபோவது செய்முறைக் கல்வி. சம்பளம் நின்றால் சங்கங்கள் கேட்கும். கட்டடம் பாதியில் நின்றால் ஊர் கண்ணில் படும். கப்பியும் கயிறும் வராவிட்டால் கேட்க யார் இருக்கிறார்கள்? கையைக் கடிக்கும்போது முதலில் வெட்டு விழுவது அங்கேதான்.

அந்த இழப்பின் கனம் தெரிய ஓர் அடி ஸ்கேல் போதும். அதன் நடுவில் பென்சிலை முட்டுக்கொடுத்து, ஒரு பக்கம் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை வையுங்கள். மறுபக்கத்துக்கு ஒற்றை நாணயத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். நகர்த்தி நகர்த்திப் பார்த்து, பத்தாவது சென்டிமீட்டரில் ஸ்கேல் சமமாக நிற்கும்போது நெம்புகோல் விதியை அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிடுகிறது. அதன்பிறகு லாரியில் நெல் மூட்டை ஏற்றச் சாத்தும் பலகை அதன் கண்ணுக்குச் சாய்தளம். தேங்காய் உரிக்கும் கடப்பாரையின் முனை ஆப்பு. கல்லணைக் கால்வாய் மதகின் கனத்த கதவைத் தூக்குவது திருகு. புத்தகத்துப் படத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்தக் கண் திறப்பதில்லை.

இதற்காகத்தான் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறை அறிவியலைக் கொண்டுசெல்லும் தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பரில் திருச்சி காட்டூரில் தொடங்கப்பட்டது. இதற்காகத்தான் 2015 ஜூலையில், மறைவதற்குச் சில நாள் முன்பு, அப்துல் கலாம் டெல்லியில், பிள்ளைகளிடம் அறிவியல், கணித ஆர்வத்தை வளர்க்கும் ராஷ்ட்ரிய ஆவிஷ்கார் அபியானைத் தொடங்கிவைத்தார். அந்தத் திட்டம் இன்று சமக்ர சிக்ஷாவுக்குள் இருக்கிறது. கலாம் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் அவர் தொடங்கிவைத்த திட்டத்தின் பணப்பையைச் சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு எப்படி மூடினார்கள்?

முடிவெடுப்பவர்களின் பழைய கணக்கைப் பார்த்தால் வியப்பு வராது. 1963 முதல் நடந்த தேசியத் திறனறித் தேர்வை மறு உத்தரவு வரும்வரை என்று நிறுத்தினார்கள். அறிவியல் மாணவர்களுக்கான கே.வி.பி.ஒய். உதவித்தொகைத் தேர்வு 2022இல் முடிந்தது. அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல 1989இல் உருவான விஞ்ஞான் பிரசார் 2023இல் மூடப்பட்டது. அதே ஆண்டு பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்து பரிணாமக் கோட்பாடும் தனிம அட்டவணையும் போயின. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் இழந்தது மாணவர்களே.

அரசியல் சண்டையை அரசியல்வாதிகள் போடட்டும். உரியவர்கள் உட்கார்ந்து பேசி, பள்ளிக்கூடத்தின் பணம் எந்த நிபந்தனைக்கும் பணயமாகாதபடி ஒரு வழி காண வேண்டும். நிறுத்திய தொகையை நாளை வட்டியோடு கொடுத்தாலும், 2024-25இல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு அந்த ஆண்டை யாரும் திருப்பித் தர முடியாது.