நூறு சதவீதத்தில் நின்றுபோன கோப்பு

இரவு 11.35. மொழிபெயர்ப்பு நிதியுதவிக்கு விண்ணப்பிக்க இன்னும் 25 நிமிடங்களே மிச்சம். படிவம் நிரப்பியாகிவிட்டது. ஸ்கேன் செய்த மூல நாவல் மட்டும் பாக்கி. அளவு 60 மெகாபைட். பட்டனை அழுத்தினேன். பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து நான்கு நிமிடங்களில் 100 சதவீதத்தைத் தொட்டது. அங்கேயே ஒரு நிமிடம் நின்றது. பிறகு திரையில் ஒரு வரி: ‘504 கேட்வே டைம்-அவுட்’. மறுபடி முதலிலிருந்து. நான்காவது முயற்சிக்கும் அதே கதி. 12 மணிக்குப் பக்கம் மூடிக்கொண்டது.

மறுநாள் உதவி எண்ணில் கிடைத்த பதில்: “உங்க நெட் ஸ்லோ, சார்.” இணைப்பு தரும் நிறுவனத்தைக் கேட்டால், “எங்க லைன் நல்லா இருக்கு. அவங்க சைட்தான் ஸ்லோ.” இரு தரப்பும் எதையும் அளந்து பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

அளந்து பார்த்தவர் பக்கத்து ஃபிளாட்டில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர். அவருடைய முதல் கேள்வி: “உங்க வேகம் எவ்வளவு, சார்?” நூறு என்றேன் பெருமையாக. சிரித்தார். விளம்பரம் சொல்லும் 100 என்பது இறங்கும் வேகம். என் கேபிள் இணைப்பில் ஏறும் வேகம் 20 மட்டுமே. அதுவும் மெகாபிட், மெகாபைட் அல்ல. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக, விநாடிக்கு இரண்டரை மெகாபைட். அப்படிப் பார்த்தாலும் 60 மெகாபைட் போய்ச் சேர 24 விநாடிகள் போதும். வேறொரு தளத்துக்கு அதே கோப்பை அனுப்பிப் பார்த்தோம். அரை நிமிடத்தில் போய்விட்டது. என் லைன் தப்பித்தது.

மீதி மூன்றரை நிமிடம் எங்கே போனது? அந்தச் செயலி கிளவுடில், அதாவது வாடகை கம்ப்யூட்டரில் இயங்குகிறது. அந்த கம்ப்யூட்டர் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவில். டெல்லியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 12,000 கிலோமீட்டர். ஒரு தகவல் போய், பதில் திரும்ப ஏறக்குறைய கால் விநாடி. இது பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் 2015-ல் வெளியான எச்.டி.டி.பி./2 விதிமுறைப்படி, பதில் வருமுன் அனுப்பக்கூடிய தொடக்க அளவு 65,535 பைட்தான். சர்வர் அதை உயர்த்தாவிட்டால் கால் விநாடிக்கு 64 கிலோபைட். 60 மெகாபைட்டுக்கு நான்கு நிமிடம். கணக்கு சரியாக உதைத்தது. லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும் இங்கே பயனில்லை.

சரி, 100 சதவீதத்தில் நின்றது ஏன்? அந்தக் கோடு காட்டுவது கோப்பு வாசல்வரை போய்விட்டதை மட்டும்தான். உள்ளே சர்வர் நாவலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, படமாக்கி, கிடங்கில் வைத்த பிறகே ‘கிடைத்தது’ என்கிறது. வாசலில் நிற்கும் மென்பொருளுக்கோ அவ்வளவு பொறுமை இல்லை. பரவலாகப் பயன்படும் என்ஜின்எக்ஸில், யாரும் மாற்றாதவரை, காத்திருக்கும் வரம்பு 60 விநாடி. சிறிய கோப்பு இதற்குள் தப்பிவிடும். தயாரித்தவர்கள் 2 மெகாபைட் கோப்பை வைத்துச் சோதித்திருந்தால் இந்தக் கோளாறு அவர்கள் கண்ணில் படவே படாது.

மருந்து புதிதல்ல. கோப்பை சர்வர் வழியாகச் சுற்றவிடாமல், தற்காலிக அனுமதியோடு நேரே கிடங்குக்கு அனுப்பலாம். துண்டுகளாக அனுப்பினால், அறுந்த துண்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். அமேசானின் எஸ்3 கிடங்கு 2010 முதல் இதை அனுமதிக்கிறது: கடைசித் துண்டைத் தவிர மற்றவை குறைந்தது 5 மெகாபைட், அதிகபட்சம் 10,000 துண்டுகள். பக்கம் பிரிக்கும் வேலையைப் பிறகு செய்துகொள்ளலாம். இந்தியர்களுக்கான செயலி வர்ஜீனியாவில் குடியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2015-லும் அமேசான் 2016-லும் கூகுள் 2017-லும் இந்தியாவிலேயே கிளவுட் மையங்களைத் திறந்துவிட்டன.

வாசகர்கள் செய்யக்கூடியது இது: கோடு மெல்ல நகர்கிறதா, கடைசியில் நிற்கிறதா என்று கவனியுங்கள். மெல்ல நகர்ந்தால் கோளாறு பாதையில். கடைசியில் நின்றால் பெரும்பாலும் அவர்கள் வீட்டுக்குள். அதே கோப்பை வேறு தளத்துக்கும், செல்போன் இணைப்பு வழியாகவும் அனுப்பிப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேரத்தைக் குறித்துவையுங்கள்.

நான் குறித்த நேரங்களை இணைத்து எழுதிய கடிதத்துக்கு ஒரே நாளில் பதில் வந்தது. சர்வரின் பதிவேட்டைப் புரட்டினார்களாம். அன்றிரவு 504-ல் விழுந்தவன் நான் மட்டும் அல்ல. பக்கத்தை இரண்டு நாள் மீண்டும் திறந்தார்கள். என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மற்றவர்களுக்குத் தகவல் போனதா என்று கேட்டேன். விண்ணப்பம் முழுமையாக வந்தால்தான் மின்னஞ்சல் முகவரி பட்டியலில் ஏறுமாம். நடுவழியில் நின்றவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது.