குற்றாலத்துக்கு எப்போது போவது?

பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் வீடுகளில் பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். முன்கூட்டியே முண்டியடித்து எடுத்த ரயில் சீட்டு, ஊரில் இருப்பவர்களுக்குச் சேலை, வேட்டி, பிள்ளைகளுக்கு வழியில் தின்ன முறுக்கு என்று எல்லாம் தயாராகும். மே மாதத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிப் பார்த்தால் பம்பாய்த் தமிழர்களின் மாநாடு ஒன்று நகர்ந்துகொண்டிருப்பது போல இருக்கும். பெயர் மும்பை என்று மாறிப் பல ஆண்டுகள் ஆனாலும், ஊர்க்காரர்களுக்கு நாம் இன்றும் 'பம்பாய்க்காரர்கள்'தானே!

ஊருக்குப் போய் என்ன செய்கிறோம்? ஒரு கல்யாணம், ஒரு கொடை, ஒரு துக்கம் விசாரிப்பு, பாகப் பிரிவினைப் பேச்சு, பத்திர ஆபீசுக்கு ஓர் அலைச்சல். இவற்றுக்கு நடுவே பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள்? அக்கினி நட்சத்திர வெயிலில் காய்ந்து கிடக்கும் குளத்தையும், மின்சாரம் போனால் அசையாத காற்றாடியையும், உடம்பெல்லாம் வேர்க்குருவையும்தான். உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தியிடம், "ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "ஊர்னா வெயில் மாமா" என்றாள் ஒரே வார்த்தையில். அவள் பேரில் குற்றம் இல்லை. நாம் அவளுக்குக் காட்டிய ஊர் அதுதான்.

நம்முடைய ஊருக்கு இன்னொரு முகம் உண்டு. அந்த முகம் தெரிவது ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில். அதற்குக் குற்றாலம் என்று பெயர். பெரிய விசித்திரம் என்னவென்றால், அந்த முகம் தெரியத் தொடங்கும் சமயத்தில்தான் நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மும்பைக்குத் திரும்பி வருகிறோம்.

கணக்கைப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் சராசரி நாள் ஜூன் 1. மும்பையை எட்டுவது ஜூன் 11 வாக்கில். மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஜூன் நடுவில் திறக்கின்றன. குற்றாலத்தில் முதல் சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்ட ஆரம்பிக்கும்போது, நம் பிள்ளைகள் இங்கே புது மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பள்ளிக்கு நடந்துகொண்டிருப்பார்கள். சயானில் தண்டவாளத்தை மூழ்கடித்து நம்மை வதைக்கும் மழையும், குற்றாலத்தில் சாரலாகத் தூவி உடம்பைச் சிலிர்க்க வைக்கும் மழையும் ஒரே பருவக்காற்று கொண்டுவந்தவைதான். இங்கே அதன் கோபத்தை மட்டும் பார்க்கிறோம். அதன் கருணையைப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை.

குற்றாலத்துக்கு மட்டும் இந்தச் சலுகை எப்படிக் கிடைத்தது? தபதி ஆற்றங்கரையில் தொடங்கிக் குமரி வரை சுமார் 1600 கிலோமீட்டர் நீள்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை. கர்ஜத்திலும் கண்டாலாவிலும் நாம் பார்க்கிற சகியாத்திரி மலையேதான் தெற்கே போய்ப் பொதிகையாகவும் திரிகூட மலையாகவும் நிற்கிறது. பருவமழை மேகங்களை இந்த மலை கேரளத்துப் பக்கமே நிறுத்திவிடும். அதனால்தான் ஜூலை மாதத்திலும் பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்துகிறது. ஆனால் செங்கோட்டைக்கு அருகே, ஆரியங்காவுப் பக்கம், மலை சற்றுத் தாழ்ந்து கணவாயாகிறது. அந்த இடைவெளி வழியாகக் குளிர்ந்த காற்றும் மேகச் சிதறல்களும் இந்தப் பக்கம் நழுவி வருகின்றன. திருநெல்வேலியில் பஸ் ஏறும்போது வியர்வை துடைத்த கைக்குட்டையைத் தென்காசியில் இறங்கியதும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடுவே இருப்பது 55 கிலோமீட்டர் அளவுதான்.

ஐரோப்பாவில் இதற்கு ஓர் அண்ணன் ஊர் இருக்கிறது. இத்தாலியின் வட எல்லையில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே உள்ள மெரானோ. சுற்றிலும் பனி மூடிய சிகரங்கள். ஊருக்குள்ளோ பனைக் குடும்பத்து மரங்கள் வளர்கின்றன. வடக்கே நிற்கும் உயர்ந்த மலைகள் குளிர்காற்றைத் தடுத்துவிட, தெற்கே திறந்திருக்கும் பள்ளத்தாக்கு வழியாக இதமான காற்று வருவதே காரணம். அங்கே மலை தடுத்துக் காப்பாற்றுகிறது. குற்றாலத்திலோ மலை வழிவிட்டு வாழவைக்கிறது. 1870இல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் உடல்நலத்துக்காக அங்கு வந்து தங்கிய பிறகு மெரானோவின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது. இன்றும் மக்கள் அங்கு போய் நீராடி, மலையோரப் பாதைகளில் நடந்து, உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். தங்கள் ஊரின் காற்றும் தண்ணீரும்தான் தங்களுடைய முதல் என்பதை அந்த ஊரார் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

குற்றாலத்தின் அருமையும் வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. 'தென்னிந்தியாவின் ஸ்பா' என்று பெயர் வைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மலையடிவாரத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தது. ஆனால் அவர்கள் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்த மலையையும் அருவியையும் வைத்துக் குற்றாலக் குறவஞ்சியைப் பாடிவிட்டார். நடராசப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை இங்கேதான் இருக்கிறது. அங்கு இறைவன் ஓவியமாகக் காட்சி தருகிறார். ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தைக் குற்றாலத்திலேயே கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அங்கே போனார்கள். அருவியில் குளிப்பதும் கம்பனைப் பேசுவதும் அவர் வீட்டில் ஒரே நாளின் இரண்டு வேளைகளாக இருந்தன.

பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று பெயர்களைச் சொன்னாலே நெல்லைச் சீமைக்காரர்களுக்கு உடம்பு குளிரும். பேரருவியின் தண்ணீர் உச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாகடல் என்னும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பிறகே பொங்கி வழிந்து கீழே வருகிறது. அப்படி ஒரு தடுப்பை இயற்கை வைத்திருப்பதால்தான் மனிதன் அதன் கீழே தலையைக் கொடுக்க முடிகிறது. மூலிகைத் தண்ணீர், தீராத நோயெல்லாம் தீரும் என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பத்து நிமிடம் அருவியில் நின்றுவிட்டு வருபவனுக்கு நல்ல பசி எடுக்கும், நல்ல தூக்கம் வரும். லோக்கல் ரயிலில் நசுங்கிப் பிழைக்கும் நமக்கு அதுவே பெரிய மருந்து.

நம் பிள்ளைகளுக்கு அருவியே தெரியாது என்று சொல்லவில்லை. லோனாவ்லாவில் புஷி அணைக்கட்டுக்குப் போகிறார்கள். மாத்தேரானுக்குப் போகிறார்கள். வஜ்ரேஸ்வரியில் வெந்நீர் ஊற்று பார்க்கிறார்கள். போகட்டும், அவையும் அவர்களுடைய ஊர்தான், பிறந்து வளர்ந்த மண். ஆனால் 'சொந்த ஊர்' என்று பத்திரத்திலும் சாதிச் சான்றிதழிலும் எழுதும் ஓரிடத்தைப் பற்றி அவர்கள் மனத்தில் வெயிலும் கடனும் சண்டையும் மட்டுமே பதிந்திருந்தால், நமக்குப் பிறகு அவர்கள் எதற்காக அங்கே போவார்கள்? தாத்தா வீட்டை விற்றாகிவிட்டது, பாட்டியும் காலமாகிவிட்டாள் என்றால் அத்தோடு ஊர் அறுந்துவிடும். தமிழ் வகுப்பு நடத்துகிறோம், பொங்கல் விழா எடுக்கிறோம். அவை வேண்டியவைதான். ஆனால் 'சாரல்' என்ற சொல்லுக்கு அகராதியில் எத்தனை வரி பொருள் எழுதினாலும், ஒருமுறை முகத்தில் பட்டவனுக்குத் தெரிவது போல வருமா?

"சீசனில் அங்கே கால் வைக்க முடியாது, விடுதிக்காரர்கள் இஷ்டத்துக்கு வாடகை கேட்பார்கள், குடித்துவிட்டு வருபவர்கள் தொல்லை, பெண்கள் நிம்மதியாகக் குளிக்க முடியாது" என்று சிலர் சொல்லக்கூடும். இதில் பொய் இல்லை. விடுமுறை நாட்களில் கூட்டம் நெரிசலாகத்தான் இருக்கும். ஆனால் வார நடுவில், விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அது வேறு குற்றாலம். பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து போனால் செலவும் குறையும், துணையும் இருக்கும்.

ஆபத்து பற்றிய பயமும் நியாயமானதுதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. அடுத்த மாதமே, ஜூன் 30 அன்று, லோனாவ்லாவில் புஷி அணைக்குப் பின்னால் உள்ள அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் பாடம் ஒன்றே: மலைக்கு மேலே பெய்யும் மழை, கீழே குளிப்பவன் கண்ணுக்குத் தெரியாது. காவலர் விசில் ஊதினால் "இன்னும் ஒரே நிமிஷம்" என்று கெஞ்சாமல் வெளியே வந்துவிட வேண்டும். தண்ணீர் நிறம் மாறிச் செம்மண்ணாக வந்தால் விசிலுக்கும் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு செய்தியையும் மனம் விட்டுப் பேச வேண்டும். போகிறவர்கள் எப்படிப் போகிறோம்? தலை நிறைய எண்ணெய், கையில் சோப்பு, ஷாம்பு பாக்கெட். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இலேயே தடை விதித்தது. அருவித் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சிற்றாறாக ஓடி, தென்காசிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. நாம் கழுவி விடும் நுரை நம் சித்தப்பா வயலுக்கும் அத்தை வீட்டுக் குடத்துக்கும்தான் போய்ச் சேருகிறது. அதோடு, ஓடையை மறித்துத் தண்ணீரைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு அதே மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட நேர்ந்தது. வசதியுள்ள பம்பாய்க்காரர்கள் அறை பிடிக்கும்போது இதை விசாரித்துவிட்டுப் பிடிப்பது நல்லது. காசு கொடுத்தவனுக்கு மட்டும் தனி அருவி என்பது குற்றாலத்துக்குப் பொருந்தாத வழக்கம். கூலிக்காரனும் முதலாளியும் ஒரே பாறைக்குக் கீழே, இடுப்பில் ஒரு துண்டோடு நிற்பதுதான் அந்த இடத்தின் பெருமை.

சரி, எப்போது போவது? பள்ளியைக் கெடுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. ஆகஸ்டு 15ஐ ஒட்டி ஞாயிறும் சேர்ந்து வந்தால் ஒரு வாய்ப்பு. கணபதி விழாவுக்குச் சில பள்ளிகள் நாலைந்து நாள் விடுமுறை தருகின்றன; விழா ஆகஸ்டு இறுதியில் வரும் ஆண்டுகளில் சீசனின் கடைசிப் பகுதியாவது கிடைக்கும். ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. மே மாதக் கூட்டத்தில் இடிபடாமல் ஜூலையில் போகலாமே! வழியும் சுலபமாகியிருக்கிறது. மதுரையில் இறங்கி ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போகலாம். அல்லது கொங்கண் பாதையில் கொல்லம் வரை போய், அங்கிருந்து செங்கோட்டை வண்டி பிடிக்கலாம். 1904இல் ஓடத் தொடங்கிய அந்த மலைப்பாதை, அகலப் பாதையாக்குவதற்காக 2010இல் மூடப்பட்டு, 2018இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பதின்மூன்று கண் பாலத்தையும் குகைகளையும் கடந்து அந்த வண்டி இறங்கும்போது ஜன்னலோரம் பிள்ளைகளை உட்கார வையுங்கள். மழைக்காலத்தில் கொங்கண் வண்டிகள் மெதுவாகத்தான் ஓடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஒருநாள் பிக்னிக் நடத்துகிறோம். அதைப் போல இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐம்பது குடும்பங்களைச் சேர்த்து ஒரு குற்றாலப் பயணம் ஏற்பாடு செய்தால் என்ன? வசதி இல்லாத தாராவிக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலருக்குச் சங்கமே செலவை ஏற்கலாம். காலையில் அருவி, பகலில் சித்திர சபை, மாலையில் குறவஞ்சியிலிருந்து நாலு பாட்டு, இரவு பிரானூர் பார்டரில் பரோட்டா, கடைத்தெருவில் மங்குஸ்தான் பழம். இதைவிட நல்ல தமிழ் வகுப்பு எது?

அடுத்த ஆண்டு ரயில் சீட்டு எடுக்க வரிசையில் நிற்கும்போது, மே மாதத்துக்கு எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். கொடைக்கும் கல்யாணத்துக்கும் போக வேண்டியதுதான். ஆனால் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் ஒரே ஒரு முறையாவது, சாரல் விழும் மாதத்தில் அவனை, அவளை ஊருக்கு அழைத்துப் போங்கள். ஊர் என்றால் வெயில் மட்டும் அல்ல என்பதை அருவியே அவர்களுக்குச் சொல்லிவிடும்.