ஓடையில் எந்த மீனை விடுவது?

தோட்டத்து ஓடையில் மீன்குஞ்சு விடுவது நல்ல காரியம். அதை நாம் குறை கூறவில்லை. விடுமுறை நாளில் தூண்டிலோடு கரையில் உட்காரும் பால்மரத் தொழிலாளிக்கும் கிராணிக்கும் பொழுதும் போகும். குழம்புக்கும் வழி பிறக்கும். ஆனால் எந்த மீனை விடுவது? இங்கேதான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள்.

மலிவாகக் கிடைப்பது திலாப்பியா. சீக்கிரம் பெருப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இரண்டில் ஒன்றை வாளியில் கொண்டுவந்து கவிழ்த்தால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். தொல்லையே அங்கேதான் தொடங்குகிறது.

ஆப்பிரிக்காவில் பிறந்த திலாப்பியா 1939-ல் ஜாவாவில் காணப்பட்டது. ஜப்பானியர் ஆட்சியில், நம் பெரியவர்கள் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த நாளில், மலாயாவுக்கு வந்தது. பசிக்கு உதவிய மீன்தான். நன்றி மறக்க வேண்டாம். ஆனால் இது சிறு வயதிலேயே குஞ்சு பொரித்து, அவற்றை வாயில் வைத்துக் காக்கும். கூட்டம் பெருகும், உடல் பெருக்காது. கடைசியில் விரல் நீள மீன்களே மிஞ்சும். ஆப்பிரிக்கக் கெளுத்தியோ அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். இவற்றை வளர்க்க விரும்புவோர், வெள்ளத்திலும் ஓடையோடு சேராத குளத்தில் வளர்க்கட்டும்.

அப்படியானால் விலை உயர்ந்த கெலாவை விடலாமா? அது மலையடிவாரத்தில் தெளிந்து பாயும் நீரில் வாழ்வது. நிழல் இழந்த நம் ஓடை வெந்நீர் போன்றது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் அது சுமார் 7½ ஆகக் குறையும். அந்த நீரில் கெலாவை விடுவது பணத்தை ஆற்றில் போடுவதே.

இந்த மண்ணின் மீன்கள் இருக்கின்றனவே! பனையேறிக் கெண்டையும் விராலும் வெளிக்காற்றையே சுவாசிக்கக்கூடியவை, சூட்டைத் தாங்கும். நீரோட்டம் உள்ள இடத்திற்கு லம்பாம் சுங்கை பொருந்தும். முதலில் சிறு மீன்கள் நிலைபெறட்டும். அவற்றைத் தின்னும் விரால் பிறகு வரட்டும். பிள்ளை பெற்றவளுக்கும் புண் ஆற வேண்டியவனுக்கும் நாம் தேடுவது அந்த விராலைத்தானே!

ஆனால் ஒன்று. ஆலைக் கழிவு கலக்கும் நீரில் எந்த மீனும் பிழைக்காது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-லும், ரப்பர் ஆலைக் கழிவுக்கான விதிகள் 1978-லும் வந்துவிட்டன. அவற்றைச் செயலில் காட்டும்படி நிர்வாகத்தைக் கேட்பது நம் உரிமை. சபாவில் கிராமத்தார் ஒன்றுகூடி, 'தாகால்' என்ற முறையில் ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பை நிறுத்திக் காக்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

ஆகவே தோழர்களே, வாளியைத் தூக்குமுன் மீன்வளத் துறை அதிகாரியைக் கேளுங்கள். கரையில் மரம் நடுங்கள். கழிவைத் தடுக்கக் கிளைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். நீர் நலமானால், நாம் விடாத மீனும் தானே திரும்பி வரும்.