ரியோவிலிருந்து பல்லாவரம் வரை

உலக மனித உரிமைகள் என்றாலே ஜெனீவாவில் பேசிக் கலையும் விஷயம் என்று சட்ட மாணவர்களே நினைப்பது வருத்தம் தருகிறது. அவர்கள் முதலில் படிக்க வேண்டியது, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததால் எழுந்த வழக்கு அது. வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும், அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்ட ஆலைகளையும் தீர்ப்பு கட்டுப்படுத்தியது. இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் பல்லாவரமும் பம்மலும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 1972 ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாட்டில் தொடங்கி 1992 ரியோ மாநாட்டில் தெளிவு பெற்ற கொள்கைகளை நீதிபதி குல்தீப் சிங் அமர்வு கையில் எடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும். தீங்கில்லை என்று மெய்ப்பிப்பதும் ஆலையின் கடமை. இவற்றை அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு இணைத்து, இவை நம் நாட்டுச் சட்டமே என்று அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான பசுமை அமர்வு அமைக்கவும் வழி செய்தது. எங்கோ ஏற்கப்பட்ட பிரகடனம் நம் கிணற்று நீருக்குக் காவலாக நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் இதை வகுப்பறையோடு நிறுத்தக் கூடாது. பல்லாவரத் தெருக்களுக்குப் போய், தீர்ப்பில் எது நிறைவேறியது, எது நிலுவையில் நிற்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். உரிமையைக் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரில்தான் தீர்ப்புக்கு உயிர் இருக்கும்.